லாவெண்டர் வளர்க்க ஆசையா? முதலில் உங்கள் மழை மாதங்களை எண்ணுங்கள்

என் முதல் லாவெண்டர் செடி சரியாக 19 நாள் உயிரோடு இருந்தது. வாங்கி வந்தபோது சாம்பல் பூத்த பச்சை இலை, நடுவில் மூன்று பூங்கதிர், சும்மா தடவிவிட்டு வந்தாலே அரை மணி நேரம் விரலில் வாசனை நிற்கும். இரண்டாவது வாரத்தில் நுனிகள் தொங்க ஆரம்பித்தன. செடி தொங்கினால் என்ன செய்வோம், தண்ணீர் ஊற்றுவோம். ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். எல்லாம் முடிந்தபிறகு தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கிறது. ஒரு வேரைப் பிடித்து மெல்ல இழுத்தேன், மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போல ஒரு நரம்புதான் மிச்சம். தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தாகத்தில் செத்திருக்கிறது. வேர் அழுகிய செடிக்குக் குடிக்க வாய் ஏது?

அதற்குப்பின் இன்னும் நாலைந்து செடிகளைக் கொன்றேன், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக. இப்போது நாலு வயதில் ஒன்று நிற்கிறது. இந்த இடைப்பட்ட காலத்தில் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான்: வெயில் தாங்குமா, குளிர் தாங்குமா என்று கேட்பதைவிட, வெயிலும் ஈரமும் உங்கள் ஊரில் ஒரே சமயத்தில் வருகின்றனவா என்று கேட்பதுதான் முக்கியம். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிற வேலைகள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள்

லாவெண்டரின் பூர்வீகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள். சுண்ணாம்புக்கல் நிறைந்த, சத்துக் குறைந்த, விழுந்த மழை நிற்காமல் ஓடிவிடுகிற மண். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி. அதாவது இந்தச் செடிக்குப் பழகிப்போன கணக்கு, குளிரோடு ஈரம், வெயிலோடு வறட்சி. வெயிலோடு ஈரம் என்பது அதன் பரம்பரையிலேயே கிடையாது. வேரை அழுக வைக்கிற பைட்டோப்தோரா வகைக் கிருமிகளுக்கோ அந்த வெதுவெதுப்பான ஈரமண்தான் கொண்டாட்டம்.

அதனால் ஒரு தாளில் 12 மாதங்களையும் எழுதுங்கள். எந்தெந்த மாதங்களில் இரவுகூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்குகிறதோ, அதே சமயம் மழையும் பெய்கிறதோ, அந்த மாதங்களுக்கு வட்டம் போடுங்கள். வட்டமே இல்லை என்றால் அதிர்ஷ்டசாலி, உங்கள் ஊர்க் குளிரைத் தாங்கும் எந்த ரகத்தையும் தரையில் நடலாம். ஒன்று முதல் மூன்று வட்டம் என்றால் மண்ணையும் இடத்தையும் சரிசெய்து சமாளிக்கலாம். நாலோ அதற்கு மேலோ போனால் தரையை மறந்துவிட்டுத் தொட்டிக்கு வாருங்கள், ரகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இது ஏதோ ஆய்வுக்கூடத்து அளவுகோல் அல்ல, நானாக வைத்துக்கொண்ட கணக்குதான், ஆனால் எனக்கு இது பொய்த்ததில்லை.

உலகத்தில் லாவெண்டருக்குப் பேர் போன இடங்களைப் பாருங்கள். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் கோடை காய்ந்து கிடக்கும். ஜப்பானின் ஃபுரானோவில் குளிர்காலம் முழுக்கச் செடி பனிக்கு அடியில் தூங்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு, ஜம்மு காஷ்மீரில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பதேர்வா, இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்கள். ஆனால் எங்குமே புழுக்கமும் ஈரமும் மாதக்கணக்கில் கைகோத்துக்கொண்டு நிற்பதில்லை.

எந்த லாவெண்டர்?

கடையில் வெறுமனே "லாவெண்டர்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். இந்தப் பேரினத்தில் 40க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு அமிர்தமாக இருக்கும் வானிலை இன்னொன்றுக்கு விஷம்.

ஆங்கில லாவெண்டர் என்று சொல்கிறார்களே, அங்குஸ்டிஃபோலியா, அதற்கும் இங்கிலாந்துக்கும் பிறப்பால் ஒரு தொடர்பும் இல்லை, தெற்கு ஐரோப்பாவின் மலைச்செடி. படங்களில் நாம் பார்த்து மயங்குகிற ஊதா வரிசைகளில் இது உண்டு. வாசனையில் இதை மிஞ்ச ஆளில்லை. மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கும். ஹிட்கோட், மன்ஸ்டெட் எல்லாம் இதன் ரகங்கள். ஆனால் நன்றாகப் பூக்க ஒரு குளிர்காலம் வேண்டும், குளிரே வராத இடத்தில் வெறும் இலையாக வளர்ந்து நிற்கும், அல்லது பேருக்கு நாலு கதிர் விட்டுவிட்டு மழைக்காலத்தில் போய்ச் சேரும். சமவெளியில், வெப்பமண்டலத்தில் இருந்துகொண்டு இதைத்தான் வளர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பழைய என்னையே பார்ப்பது போலிருக்கும்.

லாவண்டின் என்பது அங்குஸ்டிஃபோலியாவும் லாட்டிஃபோலியா என்ற இன்னொரு லாவெண்டர் இனமும் சேர்ந்து பிறந்த கலப்பு. பெரிய செடி, நீளக் காம்பு, கற்பூர நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். குரோஸோ, புரோவான்ஸ், ஃபினாமினல் ஆகியவை இதில் வரும். புழுக்கத்தை அங்குஸ்டிஃபோலியாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும், அதிலும் ஃபினாமினல் நன்றாகவே. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள், லாவண்டின் மலட்டுச் செடி, விதையே வைக்காது. ஆகவே "குரோஸோ லாவெண்டர் விதை" என்று யாராவது பொட்டலம் விற்றால் உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது, குரோஸோ மட்டும் இல்லை.

ஸ்டோகாஸ், இதை ஸ்பானிஷ் லாவெண்டர் என்பார்கள். பூங்கதிர் குண்டாக, உச்சியில் முயல் காது மாதிரி இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். வெப்பம் தாங்கும், மற்ற இனங்களைப் போலச் சுண்ணாம்பு மண் கேட்காது, லேசான அமில மண்ணிலும் வளரும். கடும் பனி மட்டும் ஆகாது.

டென்டாட்டாவுக்கு இலை விளிம்பு ரம்பம் வைத்து அறுத்தது மாதிரி பல் பல்லாக இருக்கும். வெப்பமான இடங்களில் வருடத்தில் பல மாதம் பூக்கும், குளிர்காலம் வந்துதான் ஆகவேண்டும் என்று அடம்பிடிக்காது. இதன் உறவுக்காரக் கலப்பான குட்வின் கிரீக் கிரே என்ற ரகம் புழுக்கமான ஊர்களுக்கு என் முதல் சிபாரிசு.

மல்டிஃபிடா, பெரணிச்செடி போலக் கிளை கிளையாகப் பிரிந்த இலை உடையது. வெயிலுக்கு அசராது, பனி பட்டால் கருகும், கிட்டத்தட்ட எப்போதும் பூத்துக்கொண்டே இருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முகர்ந்தால் ஓரிகானோ வாசனைதான் வரும். வாசனைக்காக லாவெண்டர் வாங்குகிறவர்கள் இதை வாங்கி ஏமாந்து போவது வழக்கம். கண்ணுக்கு அழகு போதும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

விதையா, நாற்றா?

முதல் தடவை என்றால் நாற்று. தயவுசெய்து நாற்று. விதை முளைக்க இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அங்குஸ்டிஃபோலியா விதையை ஈர மணலில் கலந்து மூன்று முதல் ஆறு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் முளைப்பு கூடும். பிறகு மண்ணில் தூவிவிட்டு மூடாமல், மூடினாலும் பட்டும் படாமல், 18 முதல் 21 டிகிரி வரை வெப்பம் இருக்கும் வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். அப்படியே முளைத்தாலும் தாய்ச்செடியின் நிறமும் உருவமும் அப்படியே வரும் என்று உறுதி இல்லை, பூக்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பொறுமைசாலிகள் செய்து பாருங்கள்.

நாற்று வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். அடித்தண்டைச் சுற்றி மஞ்சள் இலை, கருத்த தண்டு, மண்ணில் பச்சைப் பாசி இருந்தால் வேண்டாம். வாங்கி வந்த கையோடு இன்னொன்றும் பாருங்கள். பெரும்பாலான நர்சரிகளில் நாற்றை முதலில் சின்ன உருண்டை ஒன்றில் முளைக்க வைப்பார்கள், தென்னை நார்த்தூளோ பீட் எனும் மக்கிய பாசித்தூளோ அடைத்து, சில சமயம் சுற்றி ஒரு வலைத்துணியும் போட்டு. அந்த உருண்டை செடியின் கழுத்துக்குக் கீழே, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, அப்படியே இருக்கும். வெளிமண் காய்ந்தாலும் உள்ளே அது மட்டும் நனைந்த பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். என் மூன்றாவது செடி செத்தது இதனால்தான், மண் கலவை எல்லாம் பிரமாதம், நடுவில் ஒரு ஈரப் பஞ்சு. வலைத்துணி இருந்தால் கத்தரித்து எடுங்கள், உருண்டையின் வெளிப்பக்கத்தை விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள், வேர் கொஞ்சம் அறுந்தால் பரவாயில்லை.

மண், தொட்டி

தரையில் நடுவதாக இருந்தால் முதலில் வடிகால் சோதனை. ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள், அது வடிந்தபின் மறுபடி நிரப்பி ஒரு குச்சியை நட்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கினால் நல்லது. இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் குழிக்குள் என்ன கலந்தாலும் பலன் இல்லை, களிமண் நடுவில் நல்ல மண் நிரப்பிய குழி என்பது தண்ணீர்த் தொட்டிதான். மேட்டுப்பாத்தி போடுங்கள், 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு. களிமண்ணில் மெல்லிய மணலைக் கொட்டிக் கலப்பவர்கள் உண்டு, அது காய்ந்தால் சிமென்ட் தளம் போல இறுகிவிடும். கலந்தால் பரும்மணல் அல்லது சிறு சரளை, அதுவும் கணிசமாக.

மண்ணின் கார அமில அளவு (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் போதும், 8 வரைகூட ஒத்துக்கொள்ளும். அமில மண் என்றால் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள் கலக்கலாம். ஸ்டோகாஸுக்கு மட்டும் வேண்டாம்.

தொட்டிக்கு நான் போடும் கலவை: இரண்டு பங்கு சாதாரணத் தோட்டமண், ஒரு பங்கு பரும்மணல், ஒரு பங்கு பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைக்கல் துகள்) அல்லது இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுச் சரளை, ஒரு கைப்பிடி மக்கிய உரம். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை பிடிக்கக் கூடாது, பிடித்தாலும் தட்டியவுடன் உதிர வேண்டும். தென்னை நார்த்தூளைத் தவிர்க்க முடியாவிட்டால் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள். மற்ற செடிகளுக்கு அது வரம், இதற்கு ஈரக் கம்பளி.

சுட்டமண் தொட்டி சிறந்தது, அதன் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். வாய் அகலம் 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும், சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்து, தட்டையாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். இப்போது அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால் வடியும். தொட்டி மண்ணும் அதே ஸ்பாஞ்ச்தான், அடியில் கல்லைப் போட்டு மண்ணின் உயரத்தைக் குறைத்தால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கல்லை விட்டுவிட்டுத் துளைகளைப் பெரிதாக்குங்கள், தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நடும்போது செடியின் கழுத்து சுற்றுமண்ணைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்குச் சரளை அல்லது வெளிர்நிறக் கூழாங்கல் பரப்புங்கள். வைக்கோல், மரச்சீவல், காய்ந்த இலை மூடாக்கு எதுவும் வேண்டாம், ஈரத்தைக் காப்பதுதானே அவற்றின் வேலை. தரையில் நட்டால் அங்குஸ்டிஃபோலியாவுக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி, லாவண்டினுக்கு 75 முதல் 90. புழுக்கமான இடத்தில் இன்னும் தள்ளியே நடுங்கள், செடிகளுக்கு நடுவில் காற்று போய் வர வேண்டும். நேரடி வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது.

இனி உங்கள் வானிலைக்கு வருவோம்

கோடை காய்ந்தும் குளிர்காலம் மிதமாகவும் இருக்கும் இடமா? உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இலையுதிர் காலத்தில் நடுங்கள், முதல் கோடையில் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், அடுத்த வருடத்திலிருந்து அதுவே பார்த்துக்கொள்ளும்.

பனி கொட்டும் கடுங்குளிர் பகுதி என்றால் அங்குஸ்டிஃபோலியா அல்லது ஃபினாமினல். வசந்தத்தில் நடுங்கள், வேர் பிடிக்க ஒரு முழுக் கோடை கிடைக்கும். பனிப்போர்வை செடிக்குப் பாதுகாப்புதான், பயப்பட வேண்டாம். ஆபத்து எங்கே என்றால், ஈரமண் உறைந்து உருகி, உறைந்து உருகி, செடியையே வேரோடு மேலே தள்ளிவிடும். மேட்டுப்பாத்தியும் சரளையும் அதற்குத்தான். பனி போர்த்தாமல் வறண்ட குளிர்காற்று மட்டும் அடிக்கும் இடத்தில் காற்றுப் புகும் துணியால் மூடலாம், பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே வியர்த்து அழுகும். வசந்தத்தில் செடி செத்தது போலக் குச்சியாக நிற்கும், மற்ற செடிகள் துளிர்த்தும் இது துளிர்க்காது. அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், இன்னும் சில வாரம் பொறுங்கள்.

குளிர்ச்சியும் தூறலும் மேகமூட்டமுமாக இருக்கும் கடலோரப் பகுதியில் வெயில் விழும் இடமாகத் தேடிப் பிடிப்பதுதான் பாதி வேலை. வெயில் படும் சுவரை ஒட்டிய மேட்டுப்பாத்தி நல்ல இடம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறண்ட பாலை வெயிலில் லாவெண்டர் நன்றாகவே வரும், காற்றில் ஈரம் இல்லையே. ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பிற்பகல் நிழல் கொடுங்கள், நிழல்வலை போதும். தொட்டி கொதித்துவிடும், ஆகவே கறுப்புத் தொட்டி வேண்டாம், முடிந்தால் ஒரு தொட்டிக்குள் இன்னொன்றாக வையுங்கள். தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் அவ்வப்போது தொட்டியின் அடியில் நன்றாக வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருவோம். வருடம் முழுக்க வெப்பம், காற்றில் எப்போதும் ஈரம், மழைக்காலத்தில் நாள்கணக்கில் விடாத மழை. தாளில் நாலைந்து வட்டம் போட்டவர்கள் எல்லாம் இங்கேதான். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் இதே கூட்டம்தான்.

இங்கே முதலில் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் வாழும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது நம் செடிக்குப் பொருந்தாது, இரண்டு மூன்று வருடம் நின்றால் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை ஒத்துக்கொண்டால் பிறகு எல்லாம் சுலபம். டென்டாட்டா, குட்வின் கிரீக் கிரே, மல்டிஃபிடா, ஸ்டோகாஸ், இந்த வரிசையில் எது கிடைக்கிறதோ அது. வாங்குவது மழை முடிந்து குளிர்ச்சி தொடங்கும் மாதத்தில். அப்போது நட்டால் நாலைந்து நல்ல மாதம் கிடைக்கும், வேர் பிடித்து, பூத்து, வெயில் ஏறும்போது செடி திடமாக இருக்கும். மழைக்கு முந்தைய மாதத்தில் ஆசைப்பட்டு வாங்குவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

தொட்டி கட்டாயம், ஏனென்றால் மழை வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கே ஓடுவது? வெயில் படும், மழை படாத, காற்று வரும் இடம்: பால்கனி விளிம்பு, கூரைச் சரிவின் கீழ், கண்ணாடித் தகடு போட்ட முற்றம். வீட்டுக்குள் மூலையில் வைத்தால் மழையிலிருந்து தப்பி இருட்டில் சாகும். மழைக்காலம் தொடங்குமுன் செடியின் அடிப்பகுதியில் உள்ள இலைகளை, மண்ணிலிருந்து ஒரு ஜாண் உயரம் வரை உருவிவிடுங்கள், நடுவில் நெருக்கமாக இருக்கும் கிளைகள் இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும். புழுக்கமான ஊரில் அடி இலைகள்தான் முதலில் கருகி அழுகும், அங்கிருந்துதான் நோய் மேலே ஏறும்.

அப்புறம், மழைக்கு ஒரு மாதம் முன்பே போத்து, அதாவது வேர்விட வைப்பதற்கான கிளைத்துண்டு, வெட்டி நட்டு வையுங்கள். இதுதான் காப்பீடு. பூக்காத இளங்கிளையில் எட்டுப் பத்து சென்டிமீட்டர், ஒரு கணுவுக்குக் கீழே கூரான கத்தியால் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பாதி மணல் பாதி பெர்லைட் கலவையில் செருகி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பாலித்தீன் பையால் இறுக்கி மூடாதீர்கள், இந்தச் செடி மூச்சுமுட்டினால் வேர் விடுவதற்கு முன்பே பூசணம் பிடிக்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வர மறுத்தால் வேர் விட்டாயிற்று. பத்துக் குச்சி வைத்தால் எனக்கு நாலைந்துதான் தேறும். போதும். தாய்ச்செடி மழையில் போனாலும் பிள்ளைகள் இருக்கும்.

வெப்பமண்டலத்திலேயே 1,500 மீட்டருக்கு மேல் மலையில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இரவு குளிர்வதால் அங்குஸ்டிஃபோலியாவைக்கூட முயலலாம், மழைக்கு மட்டும் ஒரு மறைப்பு போடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: நாள் முழுக்க வெயில் அடிக்கும் ஜன்னல் இருந்தால் முயலுங்கள், இல்லையென்றால் வளர்ப்பு விளக்கு போட்டு 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம் கொடுக்க வேண்டும். நான் முயன்று கைவிட்டேன்.

தண்ணீர் ஊற்றும் கை

கிழமை வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நட்ட அன்று தண்ணீர் ஊற்றி வடிந்தபின் ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள், நாலைந்து நாள் கழித்துத் தூக்கினால் வித்தியாசம் தெரியும். தூக்க முடியாத தொட்டி என்றால் ஒரு மூங்கில் குச்சியை விரல் நீளத்துக்குச் செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள், காலையில், இலைமேல் படாமல். அப்புறம் காயும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும் பாசம்தான் இதைக் கொல்லும்.

செடி தொங்கினால் முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் காய்ந்து இலை மொறமொறப்பாக இருந்தால் தாகம், ஊற்றினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் நுனி துவண்டு, அடி இலை மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகுகிறது. உடனே தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பு வேரையெல்லாம் வெட்டி, மேலேயும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புதுக் கலவையில் சின்னத் தொட்டியில் வையுங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் பிழைப்பது கஷ்டம், பச்சையாக இருக்கும் நுனிகளில் போத்து எடுத்துவிடுங்கள்.

நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் இந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம், வேர் இன்னும் பரவியிருக்காது.

உரம் பற்றி ஒரே வரி: வருடத்துக்கு ஒரு கைப்பிடி மக்கிய உரம், அவ்வளவுதான். தழைச்சத்து அதிகமானால் தண்டு தளதளவென்று நீண்டு சாயும், பூவும் குறையும், வாசனையும் குறையும்.

கவாத்து

பயந்துபோய் வெட்டாமல் விடுவதும் தப்பு, துணிந்து அடிவரை வெட்டுவதும் தப்பு. கிளையை விரலால் விலக்கி உள்ளே பாருங்கள். மேலே மெத்தென்ற பச்சைத் தண்டு, கீழே போகப்போகப் பட்டை உரிகிற பழுப்புக் கட்டை. இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, இலைக்கணுக்களில் அரிசி முனை அளவுக்குச் சாம்பல் நிறத் துளிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளிர்களுக்கு மேலே, பச்சையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டுங்கள். வெறும் கட்டைக்குள் வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.

பூத்து முடிந்தவுடன் மொத்தச் செடியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து உருண்டையாக்கிவிட வேண்டும். வருடாவருடம் செய்தால் செடி குட்டையாக அடர்ந்து நிற்கும், இரண்டு வருடம் விட்டால் நடு பிளந்து கட்டையாகிவிடும், அப்புறம் திருத்த முடியாது. உறைபனி வரும் இடங்களில் முதல் பனிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டியதும் வருகிற இளந்துளிர் கருகும். மழைக்கால ஊர்களில் கனமழைக்கு நடுவே வெட்டாதீர்கள். முதல் வருடம் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் சக்தி வேருக்குப் போகும் என்பார்கள், உண்மைதான். நான் இரண்டு கதிரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கிள்ளுவேன், ஆசைப்பட்டு வாங்கிவிட்டு ஒரு பூகூடப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பூவைப் பறிப்பது

உலர்த்துவதற்கு என்றால் கதிரில் கால்வாசி முதல் பாதி வரை பூக்கள் விரிந்திருக்கும்போது, பனித்துளி காய்ந்த காலையில், காம்போடு வெட்டுங்கள். கட்டை விரல் கனத்துக்கு மேல் கட்டாதீர்கள், ரப்பர் வளையம் போடுங்கள், ஏனென்றால் காம்பு காயக்காயச் சுருங்கும், நூல் கட்டினால் நழுவி விழும். இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும் இடத்தில் தலைகீழாக இரண்டு முதல் நாலு வாரம். புழுக்கமான ஊரில் மின்விசிறிக் காற்று படும்படி வைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும்.

சமைக்க நினைத்தால் அங்குஸ்டிஃபோலியா பூ மட்டும், அதுவும் நீங்களே மருந்தடிக்காமல் வளர்த்தது. ஸ்டோகாஸைச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள். பூனை, நாய் இருக்கும் வீட்டில் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள், நிறையத் தின்றால் வாந்தி எடுக்கும். எண்ணெய் இன்னும் மோசம்.

பூச்சித் தொல்லை இதற்குக் குறைவுதான். மழை படாத இடத்தில் ஒதுக்கி வைத்திருக்கும்போது அசுவினியும் வெள்ளை ஈயும் வரும், வெயிலில் சிலந்திப்பேன் வரும். காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, உடனே வெயிலில் காய வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

செடி வேர் அழுகிப் போய்விட்டால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அந்த மண்ணில் இன்னொரு லாவெண்டரை நடாதீர்கள், கிருமி மண்ணிலேயே இருக்கும். தரையில் செத்திருந்தால் அடுத்ததற்கு வேறு இடம் பாருங்கள். தொட்டி என்றால் மண்ணைக் கொட்டிவிட்டு, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து வையுங்கள். மழைக்கு முன் எடுத்த போத்துகளில் ஒன்று அதற்குள் வேர் விட்டிருக்கும்.